சித்தப்பாவின் கொல்லையும் பசுமை ஹைட்ரஜனும்

போன சித்திரையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை சித்தப்பா போன் செய்தார். ஆய்வகத்தில் இருந்தேன். ஞாயிற்றுக்கிழமையும் ஆய்வகமா என்று கேட்காதீர்கள், முனைவர் பட்ட ஆய்வில் இருப்பவர்களுக்குத் தெரியும். வழக்கமாக அவர் "சாப்ட்டியா" என்றுதான் ஆரம்பிப்பார். அன்றைக்கு நேரே விஷயத்துக்கு வந்துவிட்டார்.

"ஏம்மா, நீ தண்ணியிலருந்து கேஸ் எடுக்கற படிப்புதான படிக்கிற?"

"ஆமா சித்தப்பா, இன்னா விஷயம்?"

"அந்தக் கேஸுக்குத்தான் நம்ம கொல்லியக் கேக்கறாங்கோ."

முகையூர் ஒன்றியத்தில் தென்பெண்ணை ஆற்றை ஒட்டிய ஊர்களெல்லாம் நஞ்சை. ஆற்றைவிட்டுத் தள்ளி வந்தால் செம்மண், பாறை, மானாவாரி. எங்கள் பக்கத்தில் புன்செய்யைக் கொல்லை என்போம். சித்தப்பாவுக்கு ஒன்றரை ஏக்கர் கொல்லை. ஆடிப்பட்டத்தில் மல்லாட்டை, மழை ஏமாற்றினால் வெறும் தரை. சேரியில் எண்பது வீடுகளுக்கு மேல் இருக்கின்றன. சொந்தமாக நிலம் உள்ளவர்களை இரண்டு கை விரல்களில் எண்ணிவிடலாம். அதில் சித்தப்பாவும் ஒருவர்.

வந்த ஆள் தரகர். துணைமின் நிலையத்துக்குப் பக்கத்தில் நாற்பது ஐம்பது ஏக்கராகச் சேர்த்துச் சூரியத் தகடுகள் போடப் போகிறார்கள், 29 வருடக் குத்தகை, ஏக்கருக்கு வருடம் முப்பதாயிரம் என்றிருக்கிறார். மின்சாரம் எதற்கு என்று சித்தப்பா கேட்டதற்கு "ஹைட்ரஜனுக்கு, மோடி திட்டம்" என்று பதில். பாதி உண்மை, பாதி விற்பனைப் பேச்சு. எங்கள் ஊரில் ஹைட்ரஜன் ஆலை எதுவும் வரப்போவதில்லை. இங்கே தகடுகளில் உற்பத்தியாகும் மின்சாரம் கம்பியில் ஏறிவிட்டால் எந்த ஊர் ஆலைக்கு என்று கணக்கெழுதிக் கொள்ளலாம், அவ்வளவுதான். ஆனால் என் ஆய்வேட்டின் முதல் அத்தியாயத்தில் 'பசுமை ஹைட்ரஜனின் தேவை' என்று நான் எழுதிவைத்திருக்கும் நான்கு பக்கம், என் சித்தப்பாவின் கொல்லை வாசலில் ஒரு தரகரின் வாயில் வந்து நிற்கும் என்று நான் நினைத்ததில்லை.

நான் செய்வது மின்வேதியியல். தண்ணீருக்குள் மின்சாரத்தைச் செலுத்தினால் ஒரு முனையில் ஹைட்ரஜனும் மறுமுனையில் ஆக்சிஜனும் வெளிவரும். பள்ளியில் பேட்டரியையும் பென்சில் ஊக்கையும் வைத்துச் செய்து பார்த்திருப்பீர்கள். 1800ஆம் ஆண்டிலேயே இங்கிலாந்தில் நிக்கல்சனும் கார்லைலும் செய்து காட்டியது இது. கொள்கையளவில் 1.23 வோல்ட் போதும். நடைமுறையில் 1.8, 2 வோல்ட் வரை கொடுக்க வேண்டியிருக்கிறது. ஆக்சிஜன் வரும் முனையில் வினை நொண்டுகிறது, நான்கு எலக்ட்ரான்கள் கைமாறினால்தான் ஒரு ஆக்சிஜன் மூலக்கூறு வெளியே வரும். அந்த நொண்டலைக் குறைக்க நிக்கலையும் இரும்பையும் கலந்து ஒரு வினையூக்கி செய்வதுதான் ஆறு வருடமாக என் வேலை. மின்சாரம் சூரியனிலிருந்தோ காற்றிலிருந்தோ வந்தால் அதில் கிடைப்பது பசுமை ஹைட்ரஜன். இன்று உலகில் தயாராகும் ஹைட்ரஜனில் மிகப் பெரும்பகுதி இயற்கை எரிவாயுவிலிருந்தும் நிலக்கரியிலிருந்தும் வருகிறது. எரிவாயு வழியில் ஒரு கிலோ ஹைட்ரஜனுக்கு ஒன்பது பத்து கிலோ கார்பன் டை ஆக்சைடு காற்றில் சேர்கிறது. உர ஆலைகளும் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைகளும் ஹைட்ரஜன் இல்லாமல் ஓடாது. ஆகவே அதைப் பசுமை வழியில் தயாரிப்பது தேவையான வேலை. இதை நான் நம்புகிறேன். நம்பாமல் இத்தனை வருடம் பொட்டாசியம் ஹைட்ராக்சைடில் கையை வேகவைத்துக் கொண்டிருக்க முடியாது.

ஒன்றிய அரசு 2023 ஜனவரி 4 அன்று தேசியப் பசுமை ஹைட்ரஜன் இயக்கத்துக்கு ஒப்புதல் கொடுத்தது. ஒதுக்கீடு 19,744 கோடி ரூபாய். 2030க்குள் ஆண்டுக்கு 50 லட்சம் டன் ஹைட்ரஜன், அதற்காக ஒரு லட்சத்து 25 ஆயிரம் மெகாவாட் புதுப்பிக்கத்தக்க மின்திறன் என்பது இலக்கு. ஒதுக்கீட்டில் 17,490 கோடி நிறுவனங்களுக்கான ஊக்கத்தொகை. ஆராய்ச்சிக்கு 400 கோடி. மின்பகுப்புக் கருவி தயாரிக்க ஊக்கத்தொகை பெற்றவர்களின் முதல் பட்டியலில் ரிலையன்ஸ் இருக்கிறது, அதானி இருக்கிறது, ஜிண்டால் இருக்கிறது, எல் அண்ட் டி இருக்கிறது. இதற்கு முன்பே, 2022 பிப்ரவரியில் வந்த கொள்கை, பசுமை ஹைட்ரஜன் தயாரிப்பவர்களுக்கு மாநிலங்களுக்கு இடையிலான மின்கடத்தல் கட்டணத்தை 25 ஆண்டுகளுக்குத் தள்ளுபடி செய்தது. எங்கள் சேரியில் ஒரு விளக்கு இணைப்பும் நூறு யூனிட் இலவசமும் எத்தனை பேர் கண்ணை உறுத்துகிறது என்று டீக்கடையில் உட்கார்ந்தால் தெரியும். இரண்டு மாதத்துக்கு நூறு யூனிட். அதை வைத்து இரண்டு கிலோ ஹைட்ரஜன்கூடத் தேறாது, ஒரு கிலோவுக்கே ஐம்பதிலிருந்து ஐம்பத்தைந்து யூனிட் ஆகும்.

தமிழ்நாட்டில் இந்தக் கதை நடக்கும் இடம் தூத்துக்குடி. ஏக்மி நிறுவனம் 2022 ஜூலையில் 52,474 கோடிக்கு ஒப்பந்தம் போட்டது. ஆண்டுக்கு 11 லட்சம் டன் பசுமை அம்மோனியா, அதற்கு 5,000 மெகாவாட் சூரியமின்சாரம் என்றார்கள். 2024 ஜனவரி உலக முதலீட்டாளர் மாநாட்டில் சிங்கப்பூரின் செம்ப்கார்ப் 36,238 கோடி என்றது. கிடைக்கப்போகும் வேலைகள் சுமார் 1,500. வகுத்துப் பார்த்தேன், ஒரு வேலைக்கு 24 கோடி. அந்த அம்மோனியா ஜப்பானிய நிறுவனங்களுக்குக் கப்பலேறும் என்று பேச்சு நடக்கிறது. வ.உ.சி. துறைமுகத்திலோ 2025 செப்டம்பரில் மணிக்கு 10 கனமீட்டர் ஹைட்ரஜன் தயாரிக்கும் சோதனை ஆலை, 3.87 கோடி செலவில், திறக்கப்பட்டது. துறைமுகக் குடியிருப்பின் தெருவிளக்குகளும் மின்வாகனங்களுக்கான சார்ஜிங் நிலையமும் அதில் இயங்கும் என்று செய்தி.

தெருவிளக்கு என்று படித்ததும் எனக்குச் சிரிப்பு வந்தது. 55 யூனிட் சூரியமின்சாரத்தைக் கொடுத்து ஒரு கிலோ ஹைட்ரஜன் செய்து, அதை எரிபொருள் கலத்தில் விட்டு மறுபடி மின்சாரமாக்கினால் 17, 18 யூனிட் திரும்பக் கிடைக்கும். மூன்றில் இரண்டு பங்கு வழியிலேயே கரைந்துபோகும். நேராகக் கம்பியிலோ பேட்டரியிலோ கொடுத்தால் எரிகிற விளக்கை இப்படிச் சுற்றி எரிய வைப்பது காட்சிப்பொருள். சோதனைக்காக என்றால் ஒப்புக்கொள்ளலாம், கருவியை ஓட்டிப் பழக அது உதவும். ஆனால் ஹைட்ரஜனுக்கு உண்மையான வேலை உரத்திலும் இரும்பு உருக்கிலும் இருக்கிறது, வேறு வழியில்லாத இடங்களில். பேருந்து, விளக்கு, சமையல் என்று எல்லாவற்றுக்கும் ஹைட்ரஜன் என்பவர்களிடம் கொஞ்சம் எச்சரிக்கையாக இருங்கள்.

இந்தியாவில் இது புதிதும் அல்ல. பஞ்சாபில் நங்கல் உர ஆலை 1960களின் தொடக்கத்தில் பக்ரா அணையின் நீர்மின்சாரத்தைக் கொண்டு தண்ணீரை மின்பகுத்து ஹைட்ரஜன் எடுத்து உரம் தயாரித்தது. அன்றைக்கு உலகின் மிகப் பெரிய மின்பகுப்பு ஆலைகளில் அதுவும் ஒன்று. பிறகு மின்சாரம் போதாமல் எண்ணெய்ப் பக்கம் திரும்பிவிட்டார்கள். அணை அரசுடையது, ஆலை அரசுடையது, உரம் உள்நாட்டு வயலுக்குப் போனது. பசுமை என்ற பெயரை அப்போது யாரும் சூட்டவில்லை.

நிலத்துக்கு வருகிறேன். என் சித்தப்பாவின் போன் நிலத்தைப் பற்றியதுதான்.

ஒரு மெகாவாட் சூரியத் தகடுகளுக்கு நான்கைந்து ஏக்கர் வேண்டும். கமுதியில் அதானியின் 648 மெகாவாட் நிலையம் 2016இல் திறக்கப்பட்டபோது அது பிடித்திருந்த இடம் 2,500 ஏக்கர். ஹைட்ரஜன் இயக்கத்தின் ஒரு லட்சத்து 25 ஆயிரம் மெகாவாட்டும் சூரியனிலிருந்தே வருவதாக வைத்துக்கொண்டால் ஐந்து லட்சம் ஏக்கர். ஒரு பகுதி காற்றாலையாக இருக்கும், குறையட்டும். குறைந்தாலும் லட்சங்களில்தான் நிற்கும். இந்த ஏக்கர்கள் ஆற்றங்கரை நஞ்சையில் தேடப்படுவதில்லை. 'தரிசு', 'பயனற்ற நிலம்' என்று அரசு ஏடுகளில் பெயர்பெற்ற இடங்களில்தான் தேடப்படுகின்றன. மேய்க்கால் புறம்போக்கு, மானாவாரிக் கொல்லை, குத்துப்பாறைச் சரிவு. ஆடு மேய்க்கிற, விறகு பொறுக்குகிற, நூறு நாள் வேலை முடிந்து வருகிற வழியில் ஒரு கட்டுக் கீரை பறிக்கிற பெண்களுக்கு அது பயனற்ற நிலம் அல்ல. ஆனால் அவர்கள் பெயரில் பட்டா இல்லை. குத்தகைப் பணம் பட்டாதாரருக்குப் போகும். களை எடுக்க, மல்லாட்டை பிடுங்க, ஆய என்று அந்தக் கொல்லையை நம்பியிருந்த கூலிப் பெண்களுக்கு யாரும் எந்தப் பத்திரத்திலும் ஒரு வரி எழுதப்போவதில்லை.

இன்னொன்றும் இருக்கிறது. சூரியமின் நிலையங்களுக்கு 2006ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின் கீழ் முன் அனுமதி தேவையில்லை. அனுமதி தேவையில்லை என்றால் மக்கள் கருத்துக்கேட்புக் கூட்டமும் இல்லை. அதாவது எங்கள் பெரியம்மா எழுந்து நின்று "என் ஆடு எங்கே மேயும்" என்று கேட்பதற்கான மேடை சட்டப்படியே கிடையாது. தூத்துக்குடியில் 2018 மே 22 அன்று ஒரு ஆலைக்கு எதிராகக் கேள்வி கேட்கப் போனவர்கள்மீது நடந்த துப்பாக்கிச் சூட்டில் 13 பேர் இறந்தார்கள். அதே மாவட்டத்தில் அடுத்த தொழில் அலை வரும்போது, கேள்வி கேட்கும் வாய்ப்பே இல்லாதபடி வருகிறது. சுத்தமான தொழில் என்பதால் கேள்வியே தேவையில்லை என்று வைத்துக்கொண்டார்கள்.

விழுப்புரம் மாவட்டத்தில் இந்தக் கேள்விக்கு இன்னொரு முகம் உண்டு. 2011 கணக்கெடுப்பில் ஒன்றுபட்ட மாவட்டத்தின் மக்கள் தொகையில் பட்டியல் சாதியினர் சுமார் 29 சதவீதம். நிலத்தில் அந்தப் பங்கு எங்கே? 1891இல் செங்கல்பட்டு ஆட்சியர் டிரமென்ஹீர் எழுதிய அறிக்கையைத் தொடர்ந்து 1892இல் ஒடுக்கப்பட்ட மக்களுக்கென்று ஒதுக்கப்பட்ட பஞ்சமி நிலம் சென்னை மாகாணம் முழுக்க 12 லட்சம் ஏக்கர் என்று நம் இயக்கங்கள் சொல்லி வருகின்றன. பத்தாண்டுக்கு விற்கவோ அடமானம் வைக்கவோ குத்தகைக்கு விடவோ கூடாது, அதற்குப் பிறகும் பட்டியல் சாதியினருக்கு மட்டுமே கைமாறலாம் என்பது நிபந்தனை. நிபந்தனை ஏட்டில் இருந்தது, நிலம் கைமாறிக்கொண்டே இருந்தது. 1980களில் நடந்த யூ.டி.ஆர். நிலப் பதிவு மேம்படுத்தலில் எத்தனையோ பஞ்சமி நிலங்கள் யார் யார் பெயருக்கோ பட்டாவாயின. அந்த நிலத்தை மீட்கக் கேட்டதற்குத்தான் 1994 அக்டோபர் 10 அன்று செங்கல்பட்டில் ஜான் தாமஸும் ஏழுமலையும் துப்பாக்கிச் சூட்டில் உயிரிழந்தார்கள். காரணைப் போராட்டம் என்று நாம் ஆண்டுதோறும் நினைவுகூர்வது அதைத்தான்.

இப்போது யோசித்துப் பாருங்கள். பஞ்சமி நிலம் பெரும்பாலும் மானாவாரி, தரிசு. சூரியத் தகடுகள் தேடுவதும் அதே மானாவாரி, தரிசு. 29 வருடக் குத்தகையில் ஒரு நிலத்தின்மீது இரும்புச் சட்டங்களும் தகடுகளும் ஏறி, அதன்மீது வங்கிக் கடனும் ஏறிவிட்டால், அது பஞ்சமி நிலமா இல்லையா என்று அதற்குப் பிறகு யார் கேட்டு யார் மீட்பது? ஆக்கிரமித்து வைத்திருக்கும் ஆதிக்கச் சாதிப் பட்டாதாரருக்கு இதைவிட நல்ல வழி கிடைக்காது. பயிர் வைத்த நிலத்தையாவது மீட்டுவிடலாம். தேசிய இயக்கத்தின் பெயரில் மின்சாரம் தயாரிக்கும் நிலத்தை மீட்கப் போனால் நம்மை வளர்ச்சிக்கு எதிரி என்பார்கள்.

இந்தச் சந்தேகத்தைத்தான் அன்று சித்தப்பாவிடம் சொன்னேன். "கையெழுத்து கிய்யெழுத்து போட்டுடாத. அது கண்டிஷன் நிலமான்னு மொதல்ல பாக்கணும்." அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு சொன்னார்: "போடலன்னு வெச்சிக்க. ஒன்ற ஏக்கர்ல மல்லாட்ட போட்டு வருசம் நாப்பத்தஞ்சாயிரம் எவன் எடுக்கறான்? நீ எடுத்துக் குடு."

என்னிடம் பதில் இல்லை. சித்தப்பாவுக்கு 58 வயது. மகன் சென்னையில் உணவு டெலிவரி செய்கிறான். பெண் கல்யாணக் கடன் பாக்கி இருக்கிறது. மண்வாசனை, உழவன், சோறு போடும் கடவுள் என்று நகரத்தில் உட்கார்ந்து எழுதுவது எளிது. அந்தக் கொல்லை அவருக்குக் கொடுத்திருப்பது முதுகு வலியும், ஊர்க்காரர் கிணற்றிலிருந்து ஒரு தண்ணி விடக் கெஞ்சிய நாட்களும்தான். கிராமத்தைப் பற்றி அம்பேத்கருக்கு எந்தக் கற்பனையும் கிடையாது. நமக்கும் வேண்டாம். நிலத்தை வைத்திருப்பது கௌரவம், ஆனால் அதில் பயிர்தான் வைக்க வேண்டும் என்று யார் சொன்னது? பயிருக்குப் பதில் மின்சாரம் விளையட்டும். விளைச்சல் யாருடையது என்பதில்தான் என் சண்டை.

தண்ணீரைப் பற்றியும் கேட்பீர்கள். இதில் நம் தோழர்கள் சிலர் மிகைப்படுத்துகிறார்கள் என்பது என் எண்ணம். ஒரு கிலோ ஹைட்ரஜனுக்கு மூலக்கூறு கணக்கில் ஒன்பது லிட்டர் தண்ணீர். சுத்திகரிப்பில் கழிவது, குளிர்விக்கப் போவது எல்லாம் சேர்த்து இருபது முப்பது லிட்டர். 50 லட்சம் டன் என்ற முழு இலக்கையும் எட்டினாலும் மொத்த நாட்டுக்கும் ஆண்டுக்கு ஒரு சாத்தனூர் அணையின் கொள்ளளவைத் தாண்டாது. கரும்புக்கும் நெல்லுக்கும் போவதோடு ஒப்பிட்டால் சிறிய கணக்கு. ஆனால் நாட்டுக் கணக்கில் யாருக்கும் தாகம் எடுப்பதில்லை, ஊர்க் கணக்கில்தான் எடுக்கிறது. 11 லட்சம் டன் அம்மோனியா ஒரே இடத்தில் செய்தால் நாளொன்றுக்கு ஒரு கோடி லிட்டருக்கு மேல் தேவைப்படும். ஸ்ரீவைகுண்டம் அணையிலிருந்து ஆலைகளுக்குத் தாமிரபரணித் தண்ணீர் போவதை எதிர்த்து விவசாயிகள் ஏற்கெனவே போராடியிருக்கும் மாவட்டம் அது. கடல்நீரைச் சுத்திகரித்துக் கொள்வோம் என்கிறார்கள். சரி, அந்த உப்புக்கழிவு திரும்பப் போகும் கடலில் வலை வீசுகிறவர்கள் யார் என்று அடுத்த கேள்வி.

சுத்திகரித்த கழிவுநீரைப் பயன்படுத்தலாம் என்பது இன்னொரு யோசனை. சென்னையில் கொடுங்கையூரிலும் கோயம்பேட்டிலும் நாளொன்றுக்கு தலா நாலரைக் கோடி லிட்டர் கழிவுநீரை மூன்றாம் நிலைவரை சுத்திகரித்து ஆலைகளுக்கு அனுப்புகிறார்கள். நல்ல ஏற்பாடு, வேதியியல்படி ஒரு குறையும் சொல்ல மாட்டேன். ஆனால் அந்தக் கழிவுநீர் ஆலைக்கு வந்து சேரும் குழாயில் அடைப்பு எடுப்பது யார்? சாக்கடை மரணங்களில், 1993 முதலான அரசுக் கணக்கிலேயே, நாட்டில் முதலிடத்தில் இருப்பது தமிழ்நாடு. குழிக்குள் இறங்குகிறவரை மயக்கி விழவைப்பது ஹைட்ரஜன் சல்பைடு என்ற வாயு. நாட்டின் எரிசக்தி வரைபடத்துக்குள் ஹைட்ரஜன் வருவதற்கு வெகுகாலம் முன்பே நம் தெருக்களுக்குள் அது வந்துவிட்டது, இந்த வடிவத்தில். ஆயிரக்கணக்கான கோடியில் மின்பகுப்புக் கருவி வாங்கத் தெரிந்த அரசுக்கு, அந்தக் குழாயில் மனிதர் இறங்காதபடி ஒரு இயந்திரத்தை ஊருக்கு ஊர் நிறுத்தத் தெரியாதா?

எங்கள் ஆய்வகத்தில் மின்பகுப்புக்கு எடுக்கும் தண்ணீர் மிகத் தூயது. அதன் தூய்மையை அளக்க ஒரு கருவி இருக்கிறது. தண்ணீரில் எத்தனை அயனிகள் கலந்திருக்கின்றன என்பதை மின்தடையாக அது காட்டும். 18.2 மெகா ஓம் காட்டினால் தூய்மை. யார் பிடித்து வந்தது, யார் குடம் தொட்டது என்று அந்தக் கருவி கேட்காது. நான் ஆய்வுக்குச் சேர்ந்த முதல் வாரத்தில் அந்த எண்ணைப் பார்த்தபடி வெகுநேரம் நின்றிருந்தேன். 1927 மார்ச்சில் மகத்தில் அம்பேத்கரும் தோழர்களும் சவுதார் குளத்தில் தண்ணீர் அள்ளிக் குடித்த பிறகு, சாணியையும் கோமியத்தையும் குடம்குடமாக ஊற்றி அந்தக் குளத்தைத் 'தூய்மை' செய்தவர்களிடம் இருந்த அளவுகோல் வேறு. வேங்கைவயலின் மேல்நிலைத் தொட்டியில் 2022 டிசம்பரில் மலத்தைக் கலந்தவர்களின் மனதில் இருந்ததும் அந்தப் பழைய அளவுகோல்தான். அறிவியல் எனக்குப் பிடித்துப்போனதற்கு அந்த 18.2தான் காரணம் என்று சொன்னால் என்னுடன் ஆய்வு செய்பவர்கள் சிரிக்கிறார்கள். அவர்களுக்கு அது வெறும் எண்.

ஆய்வகத்துக்குள் சாதி இல்லை என்று சொல்லவில்லை. உதவித்தொகை மாதக்கணக்கில் வராமல் நின்றபோது "உங்களுக்கெல்லாம் கவர்மெண்ட்டே குடுக்குதே" என்று என்னிடம் சொன்னவர்கள் உண்டு. எந்த இடம், யார் என்பது இங்கே வேண்டாம். இயக்கத்தின் ஒதுக்கீட்டில் ஆராய்ச்சிக்கான அந்த 400 கோடியில் எவ்வளவு பட்டியல் சாதி, பழங்குடி மாணவர்களின் மேசைக்கு வந்து சேர்கிறது என்று யாராவது தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டால் நல்லது.

இவ்வளவையும் சொல்லும்போது நம் தோழர்களிடமிருந்து எனக்குக் கிடைக்கும் பதில் இரண்டே வகை. ஒன்று, "இது முழுக்க கார்ப்பரேட் ஏமாற்று, எதிர்ப்போம்." மற்றொன்று, "காலநிலை அவசரம், இதில் சாதியை இழுக்காதே." முதலாவதைச் சொல்கிறவர்களிடம் அம்பேத்கரின் 1942 முதல் 1946 வரையிலான வேலையைப் படிக்கச் சொல்வேன். அரசமைப்பை எழுதியவராக மட்டும் அவரைப் பார்த்துப் பழகிவிட்டோம். வைஸ்ராயின் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் துறை உறுப்பினராக இருந்த அந்த நான்கு வருடங்களில் மின்சாரமும் நீர்வளமும் அவர் பொறுப்பில் இருந்தன. தாமோதர் பள்ளத்தாக்குத் திட்டத்துக்கு அடித்தளம் போட்டதிலும், மத்தியத் தொழில்நுட்ப மின்வாரியத்தை உருவாக்கியதிலும் அவர் பங்கு பெரிது. மின்சாரம் மலிவாகவும் தாராளமாகவும் கிடைக்காமல் தொழில்மயம் இல்லை, தொழில்மயம் இல்லாமல் நிலத்தில் கட்டுண்டு கிடக்கும் மக்களுக்கு விடுதலை இல்லை என்பது அவர் வாதம். 1947இல் 'மாநிலங்களும் சிறுபான்மையினரும்' நூலில் அடிப்படைத் தொழில்களையும் நிலத்தையும் அரசுடைமையாக்கச் சொன்னவரும் அவரே. மின்சாரம் வேண்டும் என்பதும், அது யாருடையது என்பதும் அவருக்கு ஒரே கேள்வியின் இரு பாதிகள். இயந்திரத்தை வெறுக்கும் காந்தியப் பாதை நமக்குப் பொருந்தாது. அந்தப் பாதையில் கடைசியில் துடைப்பம் நம் கையில்தான் இருக்கும்.

இரண்டாவதைச் சொல்கிறவர்களை 2024 டிசம்பருக்கு எங்கள் பக்கம் கூட்டிப்போக ஆசை. ஃபெஞ்சல் புயல் மழையில் சாத்தனூர் அணையைத் திறந்து தென்பெண்ணை கரைபுரண்டபோது, காலநிலை மாற்றம் என்ற சொல்லே தெரியாதவர்கள் இரவில் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். தாழ்வான பகுதியில் வீடு இருப்பது தற்செயல் அல்ல. ஊர் மேட்டில் இருக்கிறது, சேரி பள்ளத்தில் இருக்கிறது. வெள்ளம் வடிந்த பிறகு மின்சாரம் எந்தத் தெருவுக்கு முதலில் வந்தது, எந்தத் தெருவுக்குக் கடைசியில் வந்தது என்பதையும் சொல்லத் தேவையில்லை. காலநிலைக்குள் சாதி ஏற்கெனவே இருக்கிறது, நான் இழுத்து வரவில்லை. 2025 ஏப்ரலில் 'காலனி' என்ற சொல்லை அரசு ஆவணங்களிலிருந்து நீக்குவதாக முதல்வர் சட்டமன்றத்தில் அறிவித்தார், வரவேற்கிறேன். பள்ளம் அதே இடத்தில்தான் இருக்கிறது.

என்ன கேட்கலாம் என்று யோசித்து வருகிறேன். மேட்டுப்பாளையம் பக்கம் ஓடந்துறை ஊராட்சி 2006இல் சொந்தமாக 350 கிலோவாட் காற்றாலை வாங்கியது. ஊராட்சி தன் தேவைபோக மிச்சத்தை மின்வாரியத்துக்கு விற்றது. குஜராத்தில் துந்தி என்ற ஊரில் 2016இல் சில விவசாயிகள் கூட்டுறவு அமைத்துச் சூரியமின்சாரத்தை விற்றார்கள். 2019இல் வந்த பி.எம். குசும் திட்டம் விவசாயிகளோ கூட்டுறவோ தங்கள் தரிசு நிலத்தில் 500 கிலோவாட்டிலிருந்து 2 மெகாவாட் வரை நிலையம் அமைக்க இடம் கொடுக்கிறது. வழி இருக்கிறது. முதல்தான் இல்லை. தமிழ்நாட்டின் அம்பேத்கர் தொழில் முன்னோடிகள் திட்டத்தில் 35 சதவீத மூலதன மானியம் உண்டு. பட்டியல் சாதி, பழங்குடியினருக்கான வளர்ச்சிச் செயல்திட்டச் சட்டம் 2024இல் நிறைவேறியிருக்கிறது. பஞ்சமி நிலத்தை அந்த நிபந்தனையோடேயே வைத்துக்கொண்டு, நிலமில்லாத குடும்பங்களையும் உறுப்பினராகச் சேர்த்து, சேரியின் கூட்டுறவே மின்சாரம் விளைவித்து விற்க ஏன் ஒரு மாவட்டத்திலாவது முயலக்கூடாது? ஹைட்ரஜன் ஆலைக்காரர் அந்த மின்சாரத்தை எங்களிடமே வாங்கட்டும். கூலிக்குத் தகடு கழுவும் வேலையையும் வேலியோரப் புல் வெட்டும் ஒப்பந்தத்தையும் மட்டும் எங்களுக்கு ஒதுக்கிவைக்காமல் இருக்க இது ஒரு வழி. எளிதல்ல என்று தெரியும். எங்கள் ஊர்ப் பால் கூட்டுறவில் சேரிப் பாலுக்கு என்ன நடந்தது என்று கேட்டால் சித்தப்பா ஒரு ராத்திரி பூராவும் பேசுவார்.

அதற்கு முன்னால் செய்ய வேண்டியது ஒன்றிருக்கிறது. சூரியமின் நிலையத்துக்கென்று எந்த நிலம் பதிவாகும் முன்பும் அந்தச் சர்வே எண்ணின் யூ.டி.ஆருக்கு முந்தைய 'அ' பதிவேடு கிராம சபையில் வாசிக்கப்பட வேண்டும். பஞ்சமி என்று இருந்தால் அங்கேயே நிற்க வேண்டும். இதற்குப் புதுச் சட்டம்கூட வேண்டாம், ஒரு அரசாணை போதும். இதைப் படிக்கும் தோழர்களில் எவர் ஊரிலாவது தரகர் வந்திருந்தால் முதலில் அந்தப் பதிவேட்டைத் தேடுங்கள்.

நாங்கள் தேடிக்கொண்டிருக்கிறோம். வைகாசியில் ஊருக்குப் போனபோது சித்தப்பாவின் சர்வே எண்ணையும், அதைச் சுற்றியுள்ள பதினோரு சர்வே எண்களையும் குறிப்பிட்டுப் பழைய பதிவேட்டின் நகல் கேட்டு மனு கொடுத்தோம். பழைய ஏடு மாவட்டப் பதிவறையில் இருக்கும், தேட வேண்டும் என்று சொல்லி அனுப்பினார்கள். பிறகு தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டிருக்கிறோம். கொள்ளுத்தாத்தா காலத்தில் அந்தக் கொல்லைகள் நான்கைந்து நம்ம ஆட்கள் கையில் இருந்தன என்பது சித்தப்பாவின் நினைவு. இன்று அந்த வரிசையில் மிச்சம் அவர் ஒருவர்தான்.

தரகர் அதற்குள் இரண்டு முறை வந்துவிட்டார். சுற்றியுள்ள பட்டாதாரர்கள் பெரும்பாலும் ஒப்புக்கொண்டார்களாம், நடுவில் இந்த ஒன்றரை ஏக்கர்தான் இடிக்கிறதாம். குத்தகையை நாற்பதாயிரமாக உயர்த்திப் பேசியிருக்கிறார். நகல் வரட்டும் என்று சித்தப்பா சொல்லியனுப்பிவிட்டு, ஆடி இரண்டாம் வாரத்து மழையில் மல்லாட்டை விதைத்துவிட்டார். விதை வாங்க மூவாயிரம் போதவில்லை என்று எனக்கு போன் செய்தார். அந்த மாதம் உதவித்தொகை வந்திருந்தது, அனுப்பினேன்.